ஸ்குரு சொருகிய பியானோவும் நம்முடைய எட்டு மெய்ப்பாடும்

தத்துவப் புத்தகத்தைப் படித்துவிட்டு ஒருவர் பியானோவுக்கு இசை எழுதினார், அதுவும் பியானோவின் வயிற்றுக்குள் ஸ்குருவும் போல்டும் சொருகி வைத்துக்கொண்டு எழுதினார் என்று சொன்னால், நம் வயதுக்காரர்களில் பத்துக்கு ஒன்பது பேர் சிரிப்பார்கள். மீதி ஒருவர், "வெள்ளைக்காரனுக்குப் பொழுது போகவில்லை" என்பார். அந்த இசை சிரித்துத் தள்ளக்கூடியது இல்லை, அதன் வேர்களில் ஒன்று நம் வீட்டுக் கொல்லையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து. அமிர்தியில் உட்கார்ந்துகொண்டு இதை எழுதுவதற்கும் ஒரு காரணம் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

முதலில் விஷயம் என்னவென்று பார்ப்போம். அமெரிக்காவில் ஜான் கேஜ் (1912–1992) என்று ஒரு இசையமைப்பாளர் இருந்தார். 1940 வாக்கில் சியாட்டில் நகரில் ஒரு நடனத்துக்கு இசை எழுத வேண்டியிருந்தது. அவருக்குத் தாளக் கருவிகள் வேண்டும். மேடையிலோ ஒரு பியானோவுக்குத்தான் இடம். ஆகவே பியானோவின் கம்பிகளுக்கு நடுவே சில பொருள்களைச் சொருகி, அந்த ஒரு கருவியையே தாளவாத்தியக் கோஷ்டியாக மாற்றினார். இடப் பற்றாக்குறையில் பிறந்த யோசனை அது. வாடகை வீட்டில் குடும்பம் நடத்தியவர்களுக்கு இது புரியும்.

பிறகு 1946 முதல் 1948 வரை அந்த மாதிரிப் பியானோவுக்காகவே ஒரு பெரிய படைப்பை எழுதினார். 'சொனாட்டாக்களும் இடையிசைகளும்' என்று பெயர். பதினாறு சொனாட்டா, நான்கு இடையிசை. வாசித்து முடிக்க ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இதற்குப் பியானோவின் 45 சுரங்களைத் 'தயார்' செய்ய வேண்டும். எந்தக் கம்பியில், எவ்வளவு தூரத்தில், எந்த அளவு ஸ்குரு என்று அட்டவணையே போட்டிருக்கிறார். போல்டு, நட்டு, ரப்பர்த் துண்டு, பிளாஸ்டிக், பள்ளிக்கூடத்து அழிரப்பர் ஒன்று, எல்லாம் அதில் உண்டு. அந்த வேலைக்கே இரண்டு மூன்று மணி நேரம் பிடிக்கும். அதன் பிறகு சுரத்தைத் தட்டினால் ஒன்று ஜலதரங்கம் போல் வரும். ஒன்று உடுக்கை போல், இன்னொன்று தூரத்துக் கோயில் மணி போல் வரும். சில சுரங்களை மட்டும் தொடாமல் விட்டிருக்கிறார். அவை பியானோவாகவே ஒலிக்கும்.

இதில் தத்துவம் எங்கே வந்தது? அங்கேதான் நம் ஆள் வருகிறார்.

ஆனந்த குமாரசுவாமி. 1877இல் கொழும்பில் பிறந்தவர். தந்தை சர் முத்து குமாரசுவாமி இலங்கைத் தமிழர். பொன்னம்பலம் இராமநாதனுக்கும் அருணாசலத்துக்கும் தாய்மாமன். தாய் ஆங்கிலேயர். இரண்டு வயதில் தந்தையை இழந்த பிள்ளை இங்கிலாந்தில் வளர்ந்தார். நிலவியல் படித்து இலங்கையின் கனிம ஆய்வுத் துறைக்குத் தலைவரானார். அப்புறம் கல்லை விட்டுச் சிற்பத்துக்குப் போனார். 1917 முதல் அமெரிக்காவில் பாஸ்டன் கலைக்கூடத்தில் பணி. நடராஜர் திருவுருவத்தின் பொருளை மேல்நாட்டாருக்கு விளங்க வைத்த 'சிவ நடனம்' என்ற நூல் 1918இல் வந்தது. 'கலையில் இயற்கையின் உருமாற்றம்' 1934இல் வந்தது. இந்த இரண்டையும் கேஜ் படித்தார். ரசம் என்றால் என்ன, நிலையான பாவங்கள் எத்தனை என்பதை அவர் கற்றுக்கொண்டது குமாரசுவாமி வழியாகத்தான். மேலே சொன்ன படைப்பின் நோக்கமே அந்த பாவங்களையும், அவை எல்லாம் போய்ச் சேரும் சாந்தத்தையும் இசையில் கொண்டுவருவது என்று கேஜே எழுதி வைத்திருக்கிறார்.

அவர் அவற்றை வெள்ளை நான்கு, கறுப்பு நான்கு என்று பிரித்தார். வீரம், சிருங்காரம், ஹாஸ்யம், அற்புதம் ஆகியவை வெள்ளை. பயம், கோபம், அருவருப்பு, சோகம் ஆகியவை கறுப்பு. எட்டுக்கும் பொதுவான நடுப்புள்ளி சாந்தம். பியானோவின் கட்டைகளும் வெள்ளை, கறுப்பு என்பது நமக்கு நினைவு வருகிறது. எந்த சொனாட்டா எந்த ரசம் என்று மட்டும் அவர் சொல்லவே இல்லை. அதைக் கேட்பவர் பொறுப்பில் விட்டுவிட்டார். நல்ல சமையல்காரர் சாம்பாரில் என்னென்ன போட்டேன் என்று பந்தியில் நின்று அறிவிப்பதில்லை அல்லவா?

இந்த எட்டு என்ற கணக்கைக் கேட்டதும் தமிழ் படித்தவர்களுக்கு ஒன்று உறைக்க வேண்டும். பரதர் எட்டு ரசம் சொன்னார். நம் தொல்காப்பியரும் மெய்ப்பாடு எட்டு என்றே சொன்னார். உவகை, பெருமிதம், நகை, மருட்கை என்ற நான்கும் கேஜின் வெள்ளைப் பட்டியலோடு பொருந்தும். அச்சம், வெகுளி, இளிவரல், அழுகை என்ற நான்கும் கறுப்புப் பட்டியலோடு பொருந்தும். ஒன்றுகூட மிச்சம் விழாது. வடமொழியிலிருந்து தமிழ் வாங்கியதா, தமிழிலிருந்து வடமொழி வாங்கியதா என்ற வழக்கைப் புலவர்களிடம் விட்டுவிடலாம். எனக்கு முக்கியமானது 'மெய்ப்பாடு' என்ற சொல். உள்ளே நடப்பது மெய்யில், அதாவது உடம்பில், புலப்படுவது. மனம் ஒரு பக்கம், உடம்பு ஒரு பக்கம் என்று அது வெட்டவில்லை. கண்ணீரும் மயிர்க்கூச்சும் மனத்தின் கையெழுத்து என்கிறது. இன்று உணர்வு என்றால் என்ன என்று மூளையைப் படமெடுத்துத் தேடுகிறவர்களும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான் வருகிறார்கள்.

1946இல் இன்னொரு சம்பவம். ஆமதாபாத் சாராபாய் குடும்பத்துப் பெண் கீதா சாராபாய் நியூயார்க்குக்குப் போனார். பக்கவாஜ் வாசிக்கக் கற்றவர். மேல்நாட்டு இசை நம் இசையை என்ன செய்துவிடுமோ என்ற கவலையில், அதை முதலில் கற்றுப் பார்த்துவிடுவோம் என்று போனவர். கேஜ் அவருக்கு மேல்நாட்டு இசையைச் சொல்லிக் கொடுத்தார். அவர் கேஜுக்கு இந்திய இசையைச் சொல்லிக் கொடுத்தார். காசு கைமாறவில்லை. இசை எதற்காக என்று கேஜ் கேட்டபோது, மனத்தை அடக்கி அமைதியாக்கி, தெய்வ அருள் வந்து தங்குவதற்கு இடம் பண்ணுவதற்காக என்று தம் குருநாதர் சொன்னதைக் கீதா எடுத்துச் சொன்னார். ஊருக்குத் திரும்பும்போது இராமகிருஷ்ணரின் உபதேச நூலைப் பரிசாகக் கொடுத்தார். கேஜ் அப்போது சொந்த வாழ்க்கையில் நொந்து போயிருந்த சமயம். அந்த ஒரு பதில் தன் பிழைப்பையே திருப்பிப் போட்டது என்று கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் 'கோன்சியான்ஸ்' என்று ஒரே சொல்தான். மனச்சாட்சிக்கும் அதுதான், உணர்வோடு இருப்பதற்கும் அதுதான். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் தனித்தனிச் சொல் உண்டு. தமிழிலோ அறிவு, உணர்வு, நினைவு, சித்தம், பிரக்ஞை என்று ஒரு கூட்டமே இருக்கிறது. மயங்கி விழுந்தவரை "நினைவு தப்பிவிட்டது" என்கிறோம். எழுந்தால் "நினைவு வந்துவிட்டது" என்கிறோம். விழித்திருப்பதையும் ஞாபகம் வைத்திருப்பதையும் ஒரே சொல்லில் கட்டி வைத்திருக்கிறது நம் பேச்சு வழக்கு.

அது எவ்வளவு சரி என்பதைப் பெர்க்சன் என்ற பிரெஞ்சுத் தத்துவ அறிஞரைப் படித்தால் தெரியும். 1889இல் உணர்வைப் பற்றி அவர் எழுதிய முதல் பெரிய நூலில், உணர்வு என்பது எப்படி ஓடுகிறது என்று காட்ட எடுத்துக்கொண்ட உதாரணம் ஒரு மெட்டு. மெட்டில் சுரங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்தாலும் நாம் அவற்றைத் தனித்தனியாக எண்ணுவதில்லை. முந்தின சுரம் போன பிறகும் அடுத்த சுரத்துக்குள் கரைந்து நிற்கிறது. ஒரு சுரத்தைத் தேவைக்கு மேல் இழுத்துவிட்டால் மெட்டு முழுவதுமே வேறாகிவிடுகிறது. கடிகாரம் காட்டும் நேரம் வேறு, உள்ளே ஓடும் நேரம் வேறு என்றார். காம்போதி ஆலாபனை கேட்டவருக்கு இதை விளக்க வேண்டியதே இல்லை. போன பிடியை நினைவில் வைத்திருப்பதால்தான் இந்தப் பிடி இனிக்கிறது.

நம் வயதில் இது புத்தக விஷயமும் இல்லை. பெயர்கள் மறக்கின்றன. கண்ணாடியை வைத்த இடம் மறக்கிறது. பெற்ற பிள்ளையின் பெயரே மறந்துபோன பெரியவர்கள், சின்ன வயதில் கேட்ட பாட்டை எடுத்துக்கொடுத்தால் அடி பிசகாமல் பாடுவதை நம்மில் பலர் வீட்டிலேயே பார்த்திருக்கிறோம். மற்றக் கதவுகள் சாத்திய பிறகும் இசையின் கதவு கொஞ்சம் திறந்தே இருக்கிறது. அப்படியானால் இசையின் வழியாக உணர்வை ஆராய்கிறேன் என்று ஒருவர் கிளம்பினால் அதைக் கிறுக்கு என்று எப்படிச் சொல்வது?

நம் பக்கத்திலேயே இதற்கு ஒரு உதாரணம் உண்டு. புதுச்சேரி ஆசிரமத்தில் அன்னை புத்தாண்டு நாளில் ஆர்கனில் தாமாகவே மனோதர்மமாக வாசிப்பார். பின்னர் அந்தப் பொறுப்பை ஆசிரமப் பள்ளி ஆசிரியரான சுனில் பட்டாச்சார்யாவிடம் கொடுத்தார். அவர் ஆர்கன், மின்னணுக் கருவிகள், நம் நாட்டு வாத்தியங்கள், குரல்கள் எல்லாவற்றையும் சேர்த்து ஆண்டுதோறும் புத்தாண்டு இசை அமைத்தார். ஸ்ரீ அரவிந்தரின் 'சாவித்ரி' காவியத்துக்கும் நெடுங்காலம் இசை அமைத்துக்கொண்டிருந்தார். 1998இல் காலமானார். உணர்வு படிப்படியாக மேலேறுகிறது என்ற அரவிந்தரின் தத்துவத்தைக் காதுக்குக் கொண்டுவரப் பார்த்த முயற்சி அது. கர்நாடக இசையும் இல்லை, மேல்நாட்டு இசையும் இல்லை, சினிமாவும் இல்லை. ஆகவே எந்த சபாவிலும் அதற்கு இடம் இல்லாமல் போயிற்று.

இனி எதிர்த்தரப்பு வாதங்களுக்கு வருகிறேன்.

"நம்மிடம் ஆலாபனை இருக்கும்போது இந்த ஸ்குரு இசை எதற்கு?" என்பார்கள். ஆலாபனை இருப்பதால்தான் நமக்கு இது சுலபம் என்கிறேன். இந்தப் படைப்பில் ஒவ்வொரு துண்டும் காலக் கணக்கில் கட்டியது. முழுப் பாட்டு எத்தனை பங்காகப் பிரிகிறதோ, அதே விகிதத்தில் ஒவ்வொரு பங்கும் உள்ளுக்குள் பிரியும். மேல்நாட்டுக் காதுக்கு இது புதிது. ஆவர்த்தனக் கணக்கில் பழகிய காதுக்கு அன்னியமாக இராது. மேல்நாட்டாருக்குப் பழக்கமான சுரச் சேர்க்கைகளை ஸ்குருவும் ரப்பரும் குலைத்துவிடுவது அவர்களுக்கு அதிர்ச்சி. நமக்கு அந்த நஷ்டமே இல்லை.

"குமாரசுவாமி இதை ஒப்பியிருப்பாரா?" என்று கேட்கலாம். இது நல்ல கேள்வி. அவர் 1947 செப்டம்பரில் காலமானார். படைப்பு முடிந்தது 1948இல். ஆகவே முழுமையாகக் கேட்டிருக்க வழியே இல்லை. கேட்டிருந்தால் முகம் சுளித்திருப்பார் என்றுதான் நினைக்கிறேன். மரபில் ஊறியவர் அவர். கலைஞன் தன் சொந்தப் புதுமையைக் காட்டுவது அவருக்குப் பெருமையாகப் படாது. கிராமபோனையும் ஆர்மோனியத்தையும் இந்திய இசைக்குக் கேடு என்று எழுதினார். அந்த மாதிரி வாதங்கள் வலுத்துத்தான் அகில இந்திய வானொலி 1940 முதல் 1971 வரை ஆர்மோனியத்தைக் கிட்டே சேர்க்கவில்லை. கட்டைக் கருவியை வெறுத்தவருடைய எழுத்து, கட்டைக் கருவிகளின் தாத்தாவான பியானோவுக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. கருத்து என்பது அப்படித்தான். பெற்றவர் சொன்ன இடத்தில் பிள்ளை குடியிருப்பதில்லை.

"தத்துவத்தின் பெயரைச் சொல்லிக்கொண்டு என்ன வேண்டுமானாலும் செய்வார்கள்" என்பது மூன்றாவது வாதம். இதில் எனக்குப் பாதி சம்மதம். கேஜே 1952இல் 'நான்கு நிமிடம் முப்பத்து மூன்று விநாடி' என்று ஒன்று எழுதினார். ஆகஸ்ட் 29 அன்று உட்ஸ்டாக் என்ற ஊரில் டேவிட் டியூடர் என்பவர் மேடையேறி, பியானோ மூடியைத் திறந்து மூடி மூன்று பாகம் 'வாசித்தார்'. ஒரு சுரம்கூடத் தட்டவில்லை. வெளியே காற்று, கூரையில் மழைத்துளி, எழுந்து போகிறவர்களின் முணுமுணுப்பு, இவைதான் அன்றைய இசை என்று கேஜ் சொன்னார். அதற்கு முந்தின ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் ஒலியே இல்லாத அறைக்குள் போய் உட்கார்ந்தபோது, உச்சமாக ஒன்றும் மந்தமாக ஒன்றும் தம் உடம்புக்குள்ளிருந்தே கேட்டதாகவும், அதனால் முழு நிசப்தம் என்று ஒன்று கிடையாது என்று தெரிந்துகொண்டதாகவும் எழுதினார். உச்ச ஒலி வெறும் காது இரைச்சலாக இருக்கலாம் என்று பின்னால் வந்தவர்கள் சொல்கிறார்கள். நம்மில் பலருக்கு அந்தக் கச்சேரி இலவசமாகத் தினமும் நடக்கிறது!

அந்த மௌனப் படைப்பு ஒரு முறை செய்ய வேண்டிய காரியம். செய்து காட்டியாயிற்று. அதைப் பார்த்து ஆளாளுக்கு வெறும் மேடையில் உட்கார்ந்து தத்துவம் பேசினால் அது ஏமாற்றுதான். வெள்ளைத்தாளில் கையெழுத்துப் போட்டு "கோப்பு முடிந்தது" என்று அனுப்புகிற குமாஸ்தாவை எந்த அதிகாரியும் விடமாட்டார். தத்துவம் உயர்ந்தது என்பதால் இசை உயர்ந்துவிடாது. விளக்கக் குறிப்பைக் கிழித்துப் போட்ட பிறகும் காது உட்கார்ந்து கேட்கிறதா என்பதுதான் என் அளவுகோல். சொனாட்டாக்கள் அந்தச் சோதனையில் தேறுகின்றன. ரசம், சாந்தம், குமாரசுவாமி என்று ஒன்றுமே தெரியாதவரும் கடைசிப் பதினாறாவது சொனாட்டாவைக் கேட்டால், சத்தம் எல்லாம் ஓய்ந்து ஒரு பொம்மைப் பெட்டி தானே பாடுவது போன்ற அமைதியை உணர்வார். அது காகிதத்தில் இருந்து வந்தது இல்லை, கம்பியில் இருந்து வந்தது.

நம் நாட்டுக்காரர்கள் பேரில் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. 1969இல் ஆமதாபாத் தேசிய வடிவமைப்புக் கழகத்தில் ஒரு மின்னணு இசைக்கூடம் அமைந்தது. மூக் என்ற அந்தக் காலத்துப் புதுக் கருவியை அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து பொருத்தியவர், மேலே சொன்ன அதே டேவிட் டியூடர். பின்னணியில் இருந்து முயன்றவர் கீதா சாராபாய். நம்மவர்கள் அதில் உட்கார்ந்து புது இசை செய்தார்கள். சில ஆண்டில் அது ஓய்ந்துபோயிற்று. நாடாக்கள் பல பத்தாண்டு தூங்கின. வெளிநாட்டிலிருந்து ஒருவர் வந்து தேடியெடுத்த பிறகு 2023இல்தான் அவை வெளியாயின. விதை நம்முடையது, அறுவடை மற்றவர்களுடையது, பழம்பெருமை மட்டும் நம்முடையது என்றால் எப்படி? ரசக் கோட்பாடு எங்களுடையது என்று மேடையில் பேசுகிறோம். அதை வைத்து இன்று புதிதாக ஒன்று செய்கிற பிள்ளைக்கு ஒரு கூடம், ஒரு கருவி, அரை மணி நேரக் காது கொடுக்கிறோமா?

அமிர்திக்கு வருகிறேன். இங்கே நமக்குப் பியானோ இல்லை. ஆனால் அந்த இசைக்கு வேண்டிய முதல் சரக்கு, அமைதி, ஏராளமாக இருந்தது. மழை பெய்து ஓய்ந்த நாளில் அருவி, மூங்கில் உரசல், இருட்டினால் சில்வண்டு, இவற்றைக் கேட்டு வளர்ந்த காதுகள் இந்த ஊர்க் காதுகள். இப்போது ஞாயிற்றுக்கிழமை வந்தால் வேனுக்கு வேன் ஒலிபெருக்கி. திருவிழா என்றால் கூம்பு ஒலிபெருக்கி விடிய விடிய. இரவு பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது என்று 2000ஆம் ஆண்டு ஒலி மாசு விதி சொல்கிறது. சொல்லிக்கொண்டே இருக்கிறது. சாமிக்குக் காது மந்தம் என்று யார் சொன்னார்கள்?

இதே ஜவ்வாது மலையில் காவலூரில் வானாய்வுக் கூடம் இருக்கிறது. வைணு பாப்பு அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்குத் தெளிந்த வானமும் நல்ல இருட்டும் முக்கியக் காரணங்கள். 1986இல் அங்கே பெரிய தொலைநோக்கி திறந்தார்கள். நட்சத்திரம் பார்க்க இருட்டு ஒரு செல்வம் என்று அரசாங்கத்துக்குப் புரிந்தது. காதுக்கு நிசப்தம் அதே மாதிரிச் செல்வம் என்பது இன்னும் யாருக்கும் புரியவில்லை. இருட்டு இல்லாவிட்டால் நட்சத்திரம் தெரியாது. நிசப்தம் இல்லாவிட்டால், கரைந்துகொண்டிருக்கும் நம் நினைவின் மெல்லிய குரல் நமக்கே கேட்காது.

ஆகவே என் யோசனை இரண்டு. ஒன்று, ஊர்ப் பெரியவர்கள் சேர்ந்து திருவிழாக் குழுவிடம் பேசி, இரவு பத்து மணிக்கு ஒலிபெருக்கியை நிறுத்த வைப்பது. சண்டை வேண்டாம், வயதுக்கு மரியாதை இன்னும் கொஞ்சம் இருக்கிறது. இரண்டாவது, அப்படிக் கிடைத்த அமைதியில் பேரப்பிள்ளையிடம் கைபேசியை வாங்கி, ஜான் கேஜின் ஐந்தாவது சொனாட்டாவையும் பதினாறாவது சொனாட்டாவையும் ஒருமுறை போடச் சொல்லிக் கேட்பது. இரண்டும் சேர்ந்து பத்து நிமிடம்கூட ஆகாது. பிடிக்காவிட்டால் எனக்கு எழுதுங்கள். ஆனால் எட்டு மெய்ப்பாட்டில் எது பிடிக்காமல் போனது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.